நேர மண்டலங்களை ‘==’ கொண்டு ஒப்பிடலாமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் அருகே உள்ள செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலை ஒன்றின் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். பழக்குலை லாரிகளின் எடைப் பதிவுகளை ஒன்றுசேர்க்கப் பைத்தான் நிரல்மொழியில் நிரல் எழுதியுள்ளேன். ஒரு கணினியின் பதிவுகள் ‘ஏசியா/கோலாலம்பூர்’ என்றும், மற்றொன்றின் பதிவுகள் ‘ஏசியா/சிங்கப்பூர்’ என்றும் வருகின்றன. இரண்டும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தைவிட எட்டு மணி நேரம் முந்தியவையே. ஆயினும் ‘==’ கொண்டு ஒப்பிட்டால் சமமில்லை என்று விடை வருவதால், நிரல் பாதிப் பதிவுகளைத் தள்ளிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பைத்தான் 3.9 முதல் உடன் வரும் ஸோன்இன்ஃபோ எனும் நேர மண்டலத் தொகுப்பு, மண்டலங்களின் விதிகளை ஒப்பிடுவதில்லை. இரண்டும் நினைவகத்தில் உள்ள ஒரே பொருள்தானா (ஆப்ஜெக்ட்) என்று மட்டுமே பார்க்கிறது. ஒரே பெயரை மீண்டும் கேட்டால், முன்பு உருவாக்கிச் சேமித்து வைத்த பொருளையே அது திருப்பித் தருவதால், கோலாலம்பூரைக் கோலாலம்பூருடன் ஒப்பிடும்போது ‘சமம்’ என்று வந்து, ஒப்பீடு முறையாக நடக்கிறது என்ற நம்பிக்கையை ஏற்படுத்திவிடுகிறது. அச்சேமிப்பை அழித்த பிறகோ, அதைத் தவிர்க்கும் ‘நோ_கேஷ்’ வழியிலோ உருவாக்கிய பொருள், பெயர் ஒன்றாக இருந்தும் சமமாகாது. நாளையும் நேரத்தையும் கையாளும் டேட்டைம் தொகுப்பில் உள்ள நிலையான டைம்ஸோன் பொருள்கள் மட்டும் யூடிசியிலிருந்து உள்ள இடைவெளியைக் கொண்டே ஒப்பிடப்படுகின்றன.

இன்று இடைவெளி ஒன்றாக இருப்பதால் மண்டலங்களும் ஒன்றே என்று கொள்வது ஆபத்தானது. தீபகற்ப மலேசியா 1981 இறுதிவரை யூடிசியைவிட ஏழரை மணி நேரமே முந்தியிருந்தது. 1982 ஜனவரி 1 முதல்தான் எட்டு மணி நேரமாயிற்று. போர்னியோ தீவிலுள்ள மலேசிய மாநிலமான சரவாக்கிலோ அதற்கு வெகு முன்பே எட்டு மணி நேரம் நடைமுறையில் இருந்தது. எனவே சரவாக்குக்குரிய ‘ஏசியா/கூச்சிங்’ மண்டலம் இன்றைய எடைச் சீட்டில் கோலாலம்பூருடன் ஒத்துப்போகும். 1981ஆம் ஆண்டின் பழைய தோட்டப் பதிவில் அரை மணி நேரம் விலகும்.

இதைவிட நுட்பமான சிக்கல் கழித்தலில் உள்ளது. இரு நேரங்களும் ஒரே மண்டலப் பொருளைச் சுமந்திருந்தால், பைத்தான் கடிகார எண்களை மட்டும் கழிக்கிறது. பொருள்கள் வேறாக இருந்தால் யூடிசிக்கு மாற்றிக் கழிக்கிறது. கோலாலம்பூர் நேரப்படி 1981 டிசம்பர் 31 இரவு 11 மணிக்கும் மறுநாள் அதிகாலை 1 மணிக்கும் இடையே உண்மையில் கழிந்தது ஒன்றரை மணி நேரம். ஒரே பொருளைப் பயன்படுத்தினால் இரண்டு மணி நேரம் என்றும், ‘நோ_கேஷ்’ வழியில் பெற்ற தனிப் பொருளை ஒன்றுக்குக் கொடுத்தால் ஒன்றரை என்றும் விடை வரும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது என்பதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

உங்கள் நிரலுக்கு மண்டலச் சமத்துவச் சோதனையே தேவையில்லை என்பது என் கருத்து. எந்த லாரி முதலில் வந்தது என்று அறிய, மண்டலத்துடன் கூடிய இரு நேரங்களை நேரடியாக ஒப்பிட்டாலே போதும். குறிப்பிட்ட நாளில் இரு இடங்களின் கடிகாரமும் ஒத்திருந்ததா என்று அறிய வேண்டுமானால், அந்த நாளுக்குரிய ‘யூடிசிஆஃப்செட்’ (யூடிசியிலிருந்து உள்ள இடைவெளி) மதிப்புகளை ஒப்பிடுங்கள். கணினியில் எந்தப் பெயர் அமைக்கப்பட்டுள்ளது என்பதுதான் முக்கியமெனில், ‘கீ’ என்ற பண்பில் உள்ள பெயரை ஒப்பிடுங்கள். பதிவு உள்ளே வரும்போதே நேரத்தை யூடிசிக்கு மாற்றிச் சேமித்து, மண்டலப் பெயரைத் தனி நெடுவரிசையில் வைத்தால், கழித்தல் கணக்கும் சரியாக அமையும்; சிங்கப்பூர் என்ற பெயருடன் வரும் சீட்டுகளையும் தள்ள வேண்டியிராது.