தொற்றுக் காலத்தில் விடுப்பும் சம்பளமும்: காரைக்குடிக் கடை உரிமையாளருக்கு ஒரு பதில்

கேள்வி: காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடை நடத்துகிறேன். பெட்டியடியில் (கல்லாவில்) இருப்பவர் முதல் தறிக்காரர்களிடம் சரக்கு எடுத்து வருபவர் வரை 14 பேர் வேலை பார்க்கிறார்கள். 2020 ஊரடங்கின்போது ஒருவருக்கு அரைச் சம்பளம், இன்னொருவருக்கு முழுச் சம்பளம் என்று கொடுத்ததில் மனத்தாங்கல் வந்துவிட்டது. மீண்டும் ஒரு தொற்று பரவினால், காய்ச்சலில் படுத்தவருக்குச் சம்பளம் தர வேண்டுமா? அவருடன் பழகியவரை வீட்டில் இருக்கச் சொன்னால் அந்த நாட்களை அவர் விடுப்பில் கழிக்கலாமா? ஊருக்குப் போய்த் திரும்பாதவரை நீக்கலாமா?

பதில்: வேலைக்கு வராத ஒவ்வொரு நாளுக்கும், வராததற்குக் காரணம் பணியாளரின் உடல்நிலையா, உங்கள் உத்தரவா, அரசின் தடையா என்பதை முதலில் பிரித்து எழுதுங்கள். மூன்றையும் 'லீவு' என்று ஒரே வரிசையில் எழுதிவிட்டால், பிறகு எதற்குச் சம்பளம் உண்டு, எதற்கு இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் கடைக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 பொருந்தும். (உணவு விடுதிகளுக்கு வேறு சட்டம்.) அதன் 25ஆம் பிரிவின்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த ஆண்டில் 12 நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறை உண்டு. இது தவிர, நோய் அல்லது விபத்துக்காக ஆண்டுக்கு 12 நாள் வரையும், நியாயமான வேறு காரணங்களுக்குத் தற்செயல் விடுப்பாக 12 நாள் வரையும் சம்பளத்துடன் தர வேண்டும். இந்தப் பிந்தைய இரண்டும் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலிருந்தே கிடைப்பவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆகவே காய்ச்சலில் படுத்தவரின் முதல் 12 நாட்களைப் பற்றிப் பேரம் பேசவே இடமில்லை.

அதற்கு மேல் நோய் நீண்டால் ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை பார்க்கும் கடையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை பெறுவோரைப் பதிவு செய்தாக வேண்டும். சம்பளத்தில் உங்கள் பங்கு 3.25 விழுக்காடு, அவர்கள் பங்கு 0.75 விழுக்காடு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்காவது பங்கு செலுத்தப்பட்டிருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை நோய்ப் பலனாகக் கிடைக்கும். நாளுக்கு 500 ரூபாய் பெறுபவருக்கு இது 350 ரூபாய். ஒரே நாளுக்குக் கடைச் சம்பளமும் இந்தப் பலனும் சேர்ந்து வராது என்பதால், எந்த நாள் எதில் சேர்கிறது என்பது உங்கள் வருகைப் பதிவேட்டில் தெளிவாக இருக்க வேண்டும். பதிவு செய்யாமல் விட்டிருந்தால், இக்கட்டான நேரத்தில் அந்த இழப்பு முழுவதும் பணியாளர் குடும்பத்தின் தலையில் விழும். அதை இன்றே சரிசெய்யுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் 2020இல் அதிகச் சச்சரவை உண்டாக்கியது. நோய் அறிகுறி எதுவும் இல்லாமல் வேலைக்கு வந்து நிற்பவரை, மற்றவர்களின் பாதுகாப்புக்காக நீங்கள் திருப்பி அனுப்புகிறீர்கள். அந்த முடிவு சரியானதுதான். ஆனால் அது உங்கள் முடிவு. வேலை செய்ய ஆயத்தமாக இருந்தவருக்கு நீங்கள்தான் வேலை தரவில்லை என்பதால், அந்த நாட்களுக்குச் சம்பளம் தருவதே முறை என்பது என் கருத்து. தற்செயல் விடுப்பு பணியாளர் கேட்டுப் பெறுவது. அவர் கேட்காமல் நீங்களாகக் கழித்துவிட்டால், பின்னர் அவர் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று வரும்போது விடுப்பு மிஞ்சியிருக்காது. அவரே ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் கழிக்கலாம். வீட்டிலிருந்தே கணக்கெழுதவோ தொலைபேசியில் ஆர்டர் எடுக்கவோ முடிந்தவருக்கு அந்த வேலையைக் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

அரசே கடையை மூடச் சொல்லும்போது நிலைமை வேறு. சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்று மத்திய உள்துறை 2020 மார்ச் 29 அன்று இட்ட ஆணை, மே 18 முதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த ஆணை குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜூன் 12 அன்று, இரு தரப்பும் பேசி முடிவுக்கு வரட்டும், முடியாவிட்டால் தொழிலாளர் துறையை அணுகட்டும் என்றது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள தொழிற்சாலைகளுக்குரிய, வேலை தர இயலாத நாட்களுக்குப் பாதிச் சம்பளம் தரும் 'லே ஆஃப்' விதி உங்கள் கடைக்குப் பொருந்தாது. எனவே, அப்படிக் கடை மூடும் நாட்களுக்கு எல்லோருக்கும் சம்பளத்தில் ஒரே விழுக்காடு என்று முன்கூட்டியே பேசி எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். கடல் கடந்து கொண்டுவிற்கப் (வட்டித் தொழில் செய்யப்) போன காலத்தில், அடுத்தாளுக்கும் (முகவருக்கு அடுத்த நிலை உதவியாளர்) பெட்டியடிப் பையனுக்கும் மூன்றாண்டுக் கணக்கில் சம்பளம் பேசியே கப்பலேற்றிய ஊர்க்காரர்களுக்கு இது புதிய பழக்கமல்ல.

திரும்பி வராதவரைப் பொறுத்தவரை, அவசரம் வேண்டாம். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும், அல்லது அதற்கு ஈடான சம்பளமும் இன்றி நீக்கக் கூடாது என்கிறது கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு. ஒழுங்கீனம் என்று சொல்லி முன்னறிவிப்பைத் தவிர்ப்பதானால், விசாரணை நடத்திச் சான்றுகளைப் பதிவு செய்திருக்க வேண்டும். பேருந்து ஓடாத நாட்களில் வராதது ஒழுங்கீனம் ஆகாது. போக்குவரத்து சீரான பிறகு, வேலைக்குத் திரும்ப வேண்டிய தேதியையும், வர இயலாவிட்டால் காரணத்தை எழுதித் தெரிவிக்குமாறும் குறிப்பிட்டு, அவருடைய ஊர் முகவரிக்குப் பதிவுடன் கூடிய விரைவுத் தபாலில் கடிதம் அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வரும்வரை பேரேட்டில் அவர் பெயரை அடிக்க வேண்டாம்.