அக்யூட் என்றால் முற்றிய நோய் என்று யார் சொன்னது?

கேள்வி: அம்மா வயிற்று வலிக்காக மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'அக்யூட் கேஸ்ட்ரைட்டிஸ்' என்று இருக்கிறது. செல்போனில் போட்டால் 'கடுமையான' என்று வருகிறது. ஜெராக்ஸ் கடையில் பழக்கமான ஒருவர், 'இது முற்றிய நிலை, சென்னையில் பெரிய டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன், மூவாயிரம் ஆகும்' என்கிறார். அக்யூட் என்றால் அவ்வளவு மோசமா? (கடலூர் முதுநகர் வாசகர்)

பதில்: முதலில் அந்த ஆளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். நான் டாக்டர் இல்லை, புதுச்சேரியில் மருத்துவக் காகிதங்களை மொழிபெயர்க்கிறவன், அதனால் சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன். கேஸ்ட்ரைட்டிஸ் என்றால் இரைப்பை அழற்சி.

அக்யூட் என்பது லத்தீனில் 'கூராக்கப்பட்டது' என்ற சொல்லிலிருந்து வந்தது. கணக்கில் குறுங்கோணத்துக்கு இதே சொல்தான், முனை கூராக இருப்பதால். எங்கள் ஊர் வெள்ளைக்காரத் தெருக்களில் 'கஃபே' என்று பிரெஞ்சில் எழுதிய பலகைகளில் கடைசி எழுத்தின் மேல் சாய்ந்த கோடு ஒன்று இருக்குமே, அதன் பெயரும் இந்த வேரிலிருந்து வந்ததுதான். மலேரியா மாதிரி நடுக்கி எடுக்கும் காய்ச்சலைப் பழைய ஆங்கிலத்தில் 'ஏக்யூ' என்பார்கள், அதுவும் 'கூரிய காய்ச்சல்' என்பதன் தேய்வு. குழந்தையைக் கொஞ்சும் 'க்யூட்'கூட அக்யூட்டின் தலையை வெட்டியதில் வந்தது, முதலில் அதற்குப் புத்திக்கூர்மை என்றுதான் பொருள்.

மருத்துவத்தில் அந்தக் கூர்மை காலத்தைக் குறிக்கிறது. திடீரென வந்தது, குறுகிய நாளில் ஒரு முடிவுக்கு வரக்கூடியது, அவ்வளவுதான். அதன் எதிர்ச்சொல் க்ரானிக், கிரேக்கத்தில் காலம் என்ற சொல்லிலிருந்து வந்தது, தமிழில் 'நாள்பட்ட'. 'முற்றிய' என்று உங்களைப் பயமுறுத்தியவர் கிட்டத்தட்ட தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். கடுமையைச் சொல்ல 'சிவியர்' என்று தனிச்சொல் இருக்கிறது. 2003-இல் உலகையே மிரட்டிய சார்ஸ் நோயின் முழுப்பெயரில் சிவியர், அக்யூட் இரண்டுமே அடுத்தடுத்து வருகின்றன. இரண்டும் ஒன்றென்றால் எதற்கு இரண்டு முறை?

பத்திரிகையில் 'அக்யூட் தட்டுப்பாடு' என்று வந்தால் அது கடுமைதான், அது வேறு கதை.

ஒன்றை மட்டும் விளக்கியாக வேண்டும். சிலரது சம்மரியில் 'அக்யூட் ஆன் க்ரானிக்' என்று இருக்கும். கூரை வருஷக்கணக்கில் ஒழுகினால் அது க்ரானிக். 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் நல்ல கூரையைத் தூக்கிக்கொண்டு போனதே, அது அக்யூட். ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்த கூரையைப் புயல் தூக்கினால்? அதுதான் அக்யூட் ஆன் க்ரானிக், பழைய நோய் இருக்கிற உடம்பில் திடீர்ச் சரிவு. உங்கள் அம்மாவின் காகிதத்தில் அந்த 'ஆன்' இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் பழைய நோய் எது என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

அக்யூட் என்றாலே லேசு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது, மாரடைப்பும் அக்யூட்தான். கடுமை எவ்வளவு என்பதை அந்தச் சொல் சொல்லாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்வதில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அம்மாவின் கையில் முழுக்க ஆங்கிலக் காகிதத்தைக் கொடுத்து அனுப்பினால், படித்துச் சொல்கிறேன் என்று வெளியே ஒருவர் நிற்கத்தான் செய்வார். சென்னை, பெரிய டாக்டர், நானே கூட்டிப்போகிறேன் என்று மூன்றும் ஒரே மூச்சில் வந்தால் நடுவில் கமிஷன் இருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். இன்ஷூரன்சுக்காக அக்யூட், க்ரானிக்கை 'மாற்றித் தருகிறேன்' என்பவரிடம் காகிதத்தையே நீட்டாதீர்கள்.

சேர்த்த ஆஸ்பத்திரிக்கே மறுபரிசோதனைக்குப் போகும்போது 'இது திரும்ப வருமா, எத்தனை நாள் மாத்திரை' என்று தமிழிலேயே கேளுங்கள். சம்மரியின் எல்லாப் பக்கங்களும் கையில் இருக்கட்டும், மருந்து விவரம் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.