மகனின் மணிக்கட்டு முறிவு: கை குட்டையாகிவிடுமா?

வணக்கம் அக்கா. பர்மாவின் மோல்மீனில் உங்கள் 11 வயது மகன் சின்லோன் என்ற பிரம்புப் பந்து விளையாட்டு ஆடும்போது விழுந்து மணிக்கட்டுப் பக்கம் முறிந்தது, வளர்ச்சித் தட்டில் அடி என்று டாக்டர் சொன்னார், கை குட்டையாகிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் ஆகாது. ஆனால் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிள்ளைகளின் நீள எலும்பு நடுவில் நீள்வதில்லை, நுனிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதியில்தான் நீள்கிறது. அங்கே செல்கள் பெருகி, அடுக்கிவைத்த காசு மாதிரி வரிசையாக நின்று, பருத்து, சுற்றிலும் கால்சியம் படிந்து, அப்புறம் ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைந்து அந்த இடம் எலும்பாக மாறுகிறது. எக்ஸ்ரேயில் கறுப்புக் கோடாகத் தெரிவது இந்தத் தட்டுதான், அதையும் முறிவு என்று நினைத்துக் கலங்காதீர்கள்.

கட்டைவிரல் பக்கத்து முன்கை எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு மணிக்கட்டுத் தட்டில்தான் நடக்கிறது. டாக்டர் கவலைப்படுவது அதனால்தான். அதே வேகம் நமக்குச் சாதகமும்கூட, ஏனென்றால் பையன்களுக்கு அந்தத் தட்டு 16, 17 வயதுவாக்கில்தான் முழுக்க எலும்பாகி மூடும், லேசான வளைவு இருந்தாலும் வளர வளர நேராகும்.

வளர்ச்சித் தட்டு முறிவுகளை 1 முதல் 5 வரை வகை பிரிக்கும் சால்டர்-ஹாரிஸ் முறையில் இது எந்த வகை என்று டாக்டரிடம் கேளுங்கள். 1, 2 பொதுவாக நன்றாகக் கூடும், தட்டு நசுங்கிய 5-தான் மிகவும் சிக்கல். தயவுசெய்து எண்ணெய் போட்டு இழுத்து நீவ யாரிடமும் கொண்டுபோகாதீர்கள். வலி போனாலும் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுக்கவேண்டுமா என்று இப்போதே கேட்டுவையுங்கள். விரல் மரத்தாலோ நீலமானாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.