6.8 அங்குலத் திரையா, வேகமான போனா?

கேள்வி: 15,000 ரூபாய்க்குள் போன் தேடுகிறேன். ஒன்று 6.8 அங்குலம், எச்டி பிளஸ் திரை, ஹீலியோ ஜி85 சிப், 4 ஜிபி ரேம். இன்னொன்று 6.5 அங்குலம், ஃபுல் எச்டி பிளஸ், ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2 சிப், 6 ஜிபி ரேம். யூடியூப், ஜிபே, மகளின் பாட பிடிஎஃப், இவ்வளவுதான் என் வேலை. நாலு வருஷமாவது தாங்க வேண்டும். கடைக்காரர் பெரிய திரையை எடுக்கச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டாவதை வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

அங்குலக் கணக்கு என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளப்பது. இப்போது வரும் போன்கள் பெரும்பாலும் 20:9 என்ற நீள அகல விகிதத்தில், ஒடுங்கி நீளமாக இருப்பதால் அந்த எண் பெரிதாகத் தெரியும், ஆனால் அகலம் அந்த அளவுக்குக் கூடாது. 6.5 அங்குலத் திரையின் அகலம் சுமார் 68 மில்லிமீட்டர், 6.8க்கு சுமார் 71. வித்தியாசம் வெறும் 3 மில்லிமீட்டர்! யூடியூப் வீடியோக்கள் பெரும்பாலும் 16:9 என்பதால் போனைப் படுக்கவைத்துப் பார்க்கும்போது இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், படம் நடுவில்தான் ஓடும். கணக்குப் போட்டால், 6.5 அங்குல போனில் தெரியும் படம், 2014ல் வந்த 5.5 அங்குல ஐபோன் 6 பிளஸில் முழுத்திரையில் தெரிந்ததைவிட ஒரு துளி சின்னது, 6.8ல் ஒரு துளி பெரியது. அவ்வளவுதான் சமாச்சாரம்.

பிடிஎஃப் விஷயத்திலும் இதே கதைதான். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். அது இந்த இரண்டு போன்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், எதில் படித்தாலும் பெரிதாக்கி, இடமும் வலமும் தள்ளித் தள்ளித்தான் படிக்க வேண்டும். ஆனால் 6.8 அங்குலத்தில் எச்டி பிளஸ் என்றால் அங்குலத்துக்கு சுமார் 258 புள்ளிகள்தான், மற்றதில் 400க்கு மேல். தமிழ்ப் பாடத்தில் சின்ன எழுத்தில் வரும் சுழிகளும் மேற்புள்ளிகளும் எதில் பிசிறில்லாமல் தெரியும் என்று கடையிலேயே ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் மகள் தினமும் மணிக்கணக்கில் படிப்பவள் என்றால், உண்மையில் அவளுக்குத் தேவை ஒரு டேப்லெட், இந்த 3 மில்லிமீட்டர் அல்ல.

இப்போது வேகம். இரண்டு பெட்டியிலும் "ஆக்டா கோர்" (சிப்புக்குள் வேலை செய்யும் எட்டு கோர்கள்) என்றே போட்டிருக்கும், அதை நம்பி எடை போடாதீர்கள். இரண்டிலும் பெரிய கோர் இரண்டு, சின்ன கோர் ஆறு. ஆனால் ஜி85ல் இருப்பது பழைய ஏ75 கோர்கள், 12 நேனோமீட்டரில் செய்த சிப். 4 ஜென் 2ல் புதிய ஏ78 கோர்கள், 4 நேனோமீட்டர் (இந்த எண் சின்னதாக இருந்தால் நல்லது). ஒரே வேலைக்குக் குறைந்த கரண்ட் போதும், சூடும் குறையும்.

இதைவிட முக்கியமான ஒன்றை யாருமே கேட்பதில்லை: ஸ்டோரேஜ் எந்த வகை? ஜி85 போன்களில் ஈஎம்எம்சி 5.1 என்ற பழைய வகைதான் இருக்கும். அதில் ஒரு நேரத்தில் படிக்கலாம் அல்லது எழுதலாம், இரண்டும் சேர்ந்து நடக்காது. யுஎஃப்எஸ் என்ற புதிய வகையில் இரண்டும் ஒன்றாக நடக்கும், வேகமும் பல மடங்கு. பின்னணியில் ஆப்கள் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும்போது ஜிபேயைத் திறந்து, ஸ்கேனர் வருவதற்குள் பின்னால் நிற்பவர் முனகுகிறாரே, அதற்குப் பெரும்பாலும் இந்த ஸ்டோரேஜும் ரேம் பற்றாக்குறையும்தான் காரணம். ஆப்கள் வருஷத்துக்கு வருஷம் கனக்கும், 4 ஜிபி ரேம் இன்றைக்கே இழுக்கும், நாலு வருஷத்துக்குத் தாங்காது. "கூடுதல் வர்ச்சுவல் ரேம்" என்று விற்பது அதே ஸ்டோரேஜிலிருந்து இடம் எடுத்துக்கொள்வதுதான், ஸ்டோரேஜே மெதுவானது என்றால் அதில் பெரிய பலன் இல்லை.

கடையில் சொல்லும் 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை படம் மாறும் திரை, பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதற்கு சிப் ஒவ்வொரு 8.3 மில்லி நொடிக்கும் ஒரு புதுப் படத்தை வரைந்து கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் திரை எவ்வளவு உசத்தியானாலும் ஸ்க்ரோல் திக்கித் திக்கித்தான் போகும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஃபுல் எச்டி பிளஸில் எச்டி பிளஸைவிட 2.25 மடங்கு புள்ளிகள், அதனால் கனமான கேம்களில் 4 ஜென் 2வும் திணறும். நீங்கள் கேம் பற்றி எதுவும் சொல்லாததால் அது உங்களுக்குப் பிரச்சினை இல்லை.

எழுத்து சின்னதாகத் தெரிந்தால் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் எழுத்தின் அளவையும் டிஸ்ப்ளே அளவையும் ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள், மெதுவான சிப்பை மாற்ற அப்படி ஒரு வழி கிடையாது. பணம் கட்டுமுன் அந்த மாடலின் கம்பெனி இணையதளத்தைத் திறந்து, ஸ்டோரேஜ் யுஎஃப்எஸ்தானா, உங்கள் வேரியன்ட் 6 ஜிபிதானா என்று பார்த்துவிடுங்கள். ஒரே பெயரில் 4 ஜிபி வேரியன்ட்டும் கடையில் கிடக்கும்.