ஆற்றங்கரையும் வங்கியும் ஆங்கிலத்தில் ஒரே 'பேங்க்' ஆனது எப்படி?

பணம் போடும் இடமும் 'பேங்க்', ஆற்றங்கரையும் 'பேங்க்'. இது தற்செயலா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, தூரத்து உறவு.

இரண்டுக்கும் வேர் ஒரு பழைய ஜெர்மானியச் சொல். மேடு, திட்டு, உட்காரும் பலகை எல்லாம் அதன் பொருள்வட்டத்துக்குள் வரும். 'மேடு' என்ற பொருள் ஸ்காண்டிநேவிய மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ஆற்றங்கரையைக் குறித்தது. 'பெஞ்ச்' என்று நாம் சொல்கிறோமே, அதுவும் இதே குடும்பம்தான்.

பணத்தின் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதே ஜெர்மானியச் சொல் இத்தாலிக்குப் போய் 'பாங்கா' ஆனது. அங்கே நாணயம் மாற்றித் தருபவர்கள் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு தொழில் செய்தார்கள். பலகையின் பெயரே தொழிலுக்கும் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சு வழியாக 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஆங்கிலத்தை எட்டியது. திவாலைக் குறிக்கும் 'பேங்க்ரப்ட்' என்ற சொல்லுக்கும் மூலம் இத்தாலிய 'பாங்கா ரோட்டா', அதாவது உடைந்த பலகை! விருந்தைச் சொல்லும் 'பேங்க்வெட்' கூடச் சின்னப் பலகை என்ற சொல்லிலிருந்து வந்ததுதான்.

விமானம் திரும்பும்போது ஒருபக்கம் சாய்வதையும் 'பேங்க்' என்பார்கள். அது கரையின் சரிவிலிருந்து வந்த பொருள். அப்புறம் 'பிளட் பேங்க்': 1937-இல் சிகாகோவில் பெர்னார்ட் ஃபேன்டஸ் என்ற மருத்துவர் சூட்டிய பெயர். போட்டு வைத்து, வேண்டும்போது எடுப்பது என்ற கருத்து அதில் அப்படியே இருக்கிறது.