பறித்த ரோஜா குவளையில் மறுநாளே தலை தொங்குவது ஏன்?

சரம் தொடுக்கக் கிள்ளுவது உதிரிப்பூ. நீண்ட தண்டோடு வெட்டித் தண்ணீரில் வைப்பது கொய்மலர். வேர் போய்விட்டாலும் இதழ்கள் நீரை ஆவியாக விட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்த இழப்பை ஈடுகட்டத் தண்டிலுள்ள நுண்குழாய்கள் நீரை மேலே இழுக்கின்றன. வெட்டிய நொடியில் அவை காற்றை இழுத்துக்கொண்டால் வழி அடைபடும். இளநீரில் போட்ட குழாயில் பாதியில் ஓட்டை இருந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதானே வாய்க்கு வரும்? அதே கதைதான்.

ஆகவே வெயில் ஏறுமுன் வெட்டி, உடனே வாளித் தண்ணீரில் போடுங்கள். குவளையில் வைக்குமுன் அடித்தண்டை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மறுபடி வெட்டுங்கள். நீரில் மூழ்கும் இலைகளைக் கட்டாயம் உருவிவிட வேண்டும். அவை அழுகிப் பெருகும் பாக்டீரியாவும் குழாயை அடைக்கும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

ரோஜாவை வெளியிதழ் பிரியத் தொடங்கும்போதும், சம்பங்கியை அடிப்பூ ஒன்றிரண்டு மலர்ந்ததும் வெட்டலாம். ஜினியா தண்டை ஆட்டிப் பாருங்கள். வளைந்தால் இன்னும் நாளாகவில்லை. அடுக்கும்போது நெருக்கித் திணிக்காதீர்கள். என் கண்ணுக்கு ஐந்து தண்டே அழகு. பழுத்த வாழைப்பழத்தின் அருகில் மட்டும் வைக்க வேண்டாம். அது விடும் எத்திலீன் வாயு பூவை விரைவில் முதுமையாக்கும்.

சர்க்கரை போட்டால் போதும் என்பார்கள்; கிருமியைத் தடுக்க எதுவும் சேர்க்காத வெறும் சர்க்கரை, பூவைவிட பாக்டீரியாவுக்கே நல்ல விருந்து.