பூசையறைத் தஞ்சாவூர்ப் படம்: கறுத்த சிவப்பும் உதிர்ந்த கற்களும்

கேள்வி: அப்பாவைப் பெற்ற பாட்டியின் பூசையறையில் இருந்த வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணன் பலகைப் படம் இப்போது எங்களிடம் வந்திருக்கிறது. நூறு வயதுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். திரைச்சீலையின் சிவப்பு கறுத்துவிட்டது. இரண்டு சிவப்புக் கற்கள் கழன்று கையில் வந்துவிட்டன. நவரத்தினங்களை அரைத்துப் பூசிய படம் இது, கற்களும் அசல் கெம்பு என்கிறார் ஓர் உறவினர். எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் தங்கம் பளிச்சென்று வரும் என்கிறார் இன்னொருவர். படத்துக்குச் சட்டம் போடுபவரோ, தேய்த்துவிட்டுப் புது வண்ணம் தீட்டித் தருவதாகச் சொல்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த எலுமிச்சையைச் சமையலறைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். தஞ்சாவூர்ப் படத்தில் தங்கரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டியிருக்கும் புடைப்பு வேலை, சுண்ணாம்புக்கல் பொடியைப் பசையோடு குழைத்துச் செய்த மக்கு. அது அமிலம் பட்ட இடத்தில் நுரைத்துக் கரையும். ரேக்கோ, மூச்சுக்காற்றுப் பட்டாலே பறக்கும் அளவுக்கு மெல்லியது. ஆகவே சாறு விரிசல் வழியே உள்ளே இறங்கினால், மேலே தங்கம் அன்று பளபளத்தாலும், அடியில் பிடிமானம் போய்ச் சில மாதங்களில் பொருக்குப் பொருக்காக உதிரும். வெறும் தண்ணீரும் ஆகாது. பலகைக்கும் மக்குக்கும் இடையே ஒட்டிய துணியைப் புளியங்கொட்டைப் பசையோ கோந்தோதான் பிடித்திருக்கும். இரண்டும் ஈரத்தில் இளகக்கூடியவை.

அடுத்து, கறுத்த சிவப்பு. புகையா, நிறமே மாறியதா என்று நீங்களே பார்த்துச் சொல்லிவிடலாம். விளக்குப் புகையும் கற்பூரக் கரியும் எல்லா நிறத்தின் மீதும் ஒன்றுபோலப் படியும். முதலில் காட்டிக்கொடுப்பது வெள்ளைதான். கண்ணனின் முத்துமாலையும் தாழியில் இருக்கும் வெண்ணெயும் ஓரளவு வெளுப்பாகவே இருந்து, திரைச்சீலை மட்டும் ஈயச்சாம்பலாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரிந்தால், குற்றம் புகையுடையது அல்ல. சட்டத்தின் உள்விளிம்பு மறைத்திருக்கும் அரை விரற்கடை அகலப் பட்டையை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே மட்டும் குங்குமம் போன்ற சிவப்பு தெளிவாக இருந்தால், உங்கள் படத்தில் இருப்பது பெரும்பாலும் ஜாதிலிங்கம்.

நாட்டு மருந்துக் கடைகளில் லிங்கம் என்று கிடைக்கும் அதே பொருள்தான் அது. வேதியியலில் பாதரச சல்ஃபைடு. சித்த மருத்துவத்தில் லிங்கத்திலிருந்து ரசம், அதாவது பாதரசம், வடிப்பதும் இதனால்தான். வெளிச்சமும், காற்றிலோ ஈரத்திலோ உள்ள சிறிதளவு குளோரைடு உப்பும் சேர்ந்து படும்போது அதன் மேற்பரப்பு மட்டும் கறுக்கும். அடியில் சிவப்பு அப்படியே இருக்கும். கடற்காற்று வீசும் ஊர்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். செந்தூரம் எனப்படும் ஈயச் சிவப்பும் இப்படிக் கறுப்பதுண்டு. ஆய்வுக்கூடத்தில்தான் இரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய முடியும். எதுவாக இருந்தாலும், கறுத்த படலத்தைத் தேய்த்து எடுப்பது என்பது அசல் ஓவியத்தைத் தேய்த்து எடுப்பதே ஆகும்.

சட்டம் போடுபவரின் யோசனையை நான் மறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது எழும் தூசியில் பாதரசமோ ஈயமோ இருக்கும். மஞ்சள் பகுதி அரிதாரமாக இருந்தால் ஆர்சனிக்கும் சேரும். நடிகர்களின் ஒப்பனைக்கு அரிதாரம் பூசுதல் என்ற பெயர் நிலைத்ததே இந்த மஞ்சள் கனிமத்தால்தான் என்பது இன்று நினைத்தால் சற்று நடுக்கம் தருகிறது. படம் சுவரில் தொங்கும் வரையில் அச்சம் வேண்டாம். சுரண்டினாலும் பொடி பறந்தாலும்தான் ஆபத்து. உதிர்ந்த துகள்களைக் குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர்கள். தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நவரத்தினத்தை அரைத்துப் பூசினார்கள் என்பது கேட்க இனிமையான கதைதான். ஆனால் நிறத்தின் இயல்பு அதற்கு இடம் தரவில்லை. மாணிக்கத்தை அரைத்தால் சிவப்புப் பொடி வராது, ஏறத்தாழ வெண்மையான பொடிதான் வரும். மரகதமும் அப்படியே. வைடூரியம், புஷ்பராகம் ஆகியவற்றைச் சொல்லவே வேண்டாம். கல்லிலிருந்து உண்மையாகவே நிறம் கிடைப்பது வேறு சில கனிமங்களில்: லிங்கம், அரிதாரம், காவிக்கல், ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளில் வெட்டப்படும் லாபிஸ் லாசுலி. அந்த லாபிஸைக்கூட வெறுமனே அரைத்தால் சாம்பல் கலந்த நீலமே வரும். மெழுகு, பிசின் கலந்த உருண்டையில் பிசைந்து, நீலத் துகளைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். 1820களின் இறுதியில் பிரான்சில் அதன் செயற்கை வடிவம் உருவான பிறகு நீலம் மலிவாகிவிட்டது. வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப்பொடி அந்தக் குடும்பம்தான். உங்கள் படத்தின் வயதை வைத்துப் பார்த்தால், அதில் உள்ள நீலம் அந்தச் செயற்கை நிறமாகவோ அவுரியாகவோ இருக்கலாம். செயற்கை நீலமாக இருந்தால், மெல்லிய அமிலம்கூட அதை வெளிறச் செய்துவிடும். எலுமிச்சை வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிக் கற்கள். வீட்டுப் பூசைக்கென்று எழுதிய படங்களில் பதித்தவை பெரும்பாலும் கண்ணாடிக் கற்களே. கழன்ற கல்லைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் நகைக்கடை லென்ஸில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே குண்டூசி முனை அளவில் உருண்டைக் குமிழிகள் தெரிந்து, பட்டை விளிம்புகள் கூர் மழுங்கி இருந்தால் அது கண்ணாடி. பின்புறத்தில் கறுத்த வெள்ளித்தாள் ஒட்டியிருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். குந்தன் எனப்படும் கல் பதிக்கும் நகை வேலையில் அசல் கல்லுக்கும் தாள் வைப்பதுண்டு. கீறிப் பார்க்கும் சோதனை கூடவே கூடாது. கல் வெப்பத்தை எவ்வளவு கடத்துகிறது என்று காட்டும் வெப்பப் பேனாவால் கடைக்காரர் தொட்டுவிட்டு "கெம்புதான்", அதாவது மாணிக்கம்தான், என்று சொன்னாலும் மகிழ்ந்துவிடாதீர்கள்: 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னெய் அறிவித்த முறையில் உருவாகும் செயற்கை மாணிக்கமும் அந்தச் சோதனையில் தேறிவிடும். ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் வளைந்த வளர்ச்சிக் கோடுகள் அதைக் காட்டிக்கொடுக்கும். என் கணிப்பில், இரண்டு கல்லும் கண்ணாடியாகவே இருந்தாலும் படத்தின் மதிப்பில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அவற்றுக்குப் பதிலாகப் புதுக் கல் வைத்தால்தான் குறையும்.

ரேக்கு அசல் தங்கமா என்ற ஐயம் இருந்தால் பச்சைக் களிம்பைத் தேடுங்கள். தங்கத்தில் களிம்பு ஏறாது. பித்தளைத் தகட்டில் ஏறும். உதிர்ந்த துணுக்கு இருந்தால் நகைக்கடையின் காரட் மீட்டரில் வைத்துத் தங்கம் இருக்கிறதா என்று அறியலாம். அவ்வளவு மெல்லிய தகட்டில் அது காட்டும் காரட் கணக்கை நம்ப முடியாது.

செப்பனிடும் வேலையை ஓவியப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடமே கொடுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதிப் பாதுகாப்பு ஆய்வகத்திலோ, கலை, பண்பாட்டு மரபைக் காக்கும் இன்டாக் (INTACH) அமைப்பின் பாதுகாப்பு மையங்களிலோ வழி கேட்கலாம். எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி வைத்திருப்பவர்கள், படத்தைத் தொடாமலேயே பாதரசம், ஆர்சனிக், ஈயம் எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்லிவிடுவார்கள். வெள்ளையில் டைட்டானியம் தென்பட்டால் அந்தப் பகுதி ஏறத்தாழ 1920-க்குப் பின் தீட்டியது என்று கொள்ளலாம். பாட்டி காலத்திலேயே யாராவது கை வைத்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும். படம் உண்மையிலேயே நூறாண்டு கடந்ததானால், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அதுவரைக்கும், கழன்ற இரு கற்களையும் தனித்தனித் தாளில் மடித்து, எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று மேலே எழுதி, அந்த இடத்தைப் புகைப்படமும் எடுத்து வையுங்கள். தச்சர் பசையோ உடனடிப் பசையோ போட்டு ஒட்டாதீர்கள். படத்தை மழைச்சாரல் படும் வெளிச்சுவரிலிருந்து உட்சுவருக்கு மாற்றி, பின்னால் இரண்டு தக்கைத் துண்டு வைத்துக் காற்றுப் புக இடம் விடுங்கள். நேர் வெயிலும் மின்விளக்கின் சூடும் படக்கூடாது. கற்பூர ஆரத்தியை நான்கடி தள்ளி நின்று காட்டுங்கள்.